சிவப்புத் துணிக்கு அத்தாட்சி இல்லை

1954-ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் ஒரு விஞ்ஞானி என்பது இன்னாசிக்குத் தெரியப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னால் அவன் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தான். வயது இருபத்தாறு. படிப்பு எட்டாவது. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் அக்கா ரோசியின் வீட்டோடு இருந்தான். ரோசியின் புருஷன் ஜேக்கப் படகு வைத்துத் தொழில் செய்பவன்.

தெரியப்படுத்தியவர் ஆறுமுகநயினார். கருப்பட்டி மொத்த வியாபாரத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து சென்னையில் நிமிர்ந்தவர். குடும்பத்தோடு மோட்டாரில் கடல் காற்று வாங்க வந்தவர், கழிமுகத்தில் ஒரு தார் டிரம் மிதப்பதையும் அதன் தலையில் ஒரு சிவப்புத் துணி குதித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"ஏலே, அது என்னது? நடுக்கடல்ல எவன் துணி காயப் போட்டிருக்கான்?" என்று கரையில் நின்றவனைக் கேட்டார். நின்றவன் இன்னாசி.

"காயப் போடல சார். மணல் காட்டுது" என்றான்.

முகத்துவாரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் படகு போன வழியில் மத்தியானம் மேடு ஏறியிருக்கும். மேட்டின்மேல் அலை உடையும். உடைகிற அலையில் மாட்டிய படகு குப்புறக் கவிழும். 1952 ஐப்பசியில் அப்படி நான்கு பேர் போனார்கள். இன்னாசி ஓர் ஓட்டை டிரம்மை அடைத்து, அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு குழாயைப் பற்றவைத்தான். குழாய்க்குள் ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் அடியில் தட்டு, உச்சியில் சிவப்புத் துணி. டிரம்மை முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தினான். ஆழம் இருந்தால் கம்பி கீழே தொங்கும். துணி டிரம்மோடு ஒட்டிக் கிடக்கும். மணல் ஏறினால் தட்டு தரையில் முட்டிக் கம்பி மேலே வரும். துணி தெரியவில்லை என்றால் படகு உள்ளே வரலாம். குதித்தால் கொஞ்சம் பொறுக்கலாம். அசையாமல் நின்றுவிட்டால் அந்தப் பக்கமே வரக்கூடாது. அவ்வளவுதான்.

டிரம்மை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. நடுவில் ஓர் ஐப்பசியும் ஒரு கார்த்திகையும் வந்து போயின. ஒரு படகும் கவிழவில்லை. இது கண்டுபிடிப்பு என்று அவனிடம் யாரும் சொல்லாததால் அவன் பட்டறை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதான் சார் பேஜாரு" என்றான் இன்னாசி. "உப்புத் தண்ணில ராடு துருப்புடிச்சி கொழாய்ல மாட்டிக்குது. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கழட்டி சொரண்டணும். துருவுக்கு இன்னா பண்றதுன்னு படிச்சவங்க யார்னா சொன்னா தேவல."

ஆறுமுகநயினாரின் முகம் மலர்ந்தது. "நீ விஞ்ஞானிடே. நாங்க உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அது பொய் அல்ல. அவர் ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு மாடிக் கட்டிடத்தில் 'இளம் விஞ்ஞானிகள் போஷக சபை' என்று ஒன்றை நிறுவி அதன் அக்கிராசனராக இருந்தார். புதிய தேசத்துக்கு விஞ்ஞானிகள் தேவை என்று பத்திரிகையில் படித்த மறுவாரமே நிறுவிவிட்டார். சர்க்காரின் உதவியும் வந்தது. மேஜைகள் வந்தன. சபையின் முத்திரை வந்தது. இரண்டு வருஷமாகியும் விஞ்ஞானிகள்தான் வரவில்லை. போஷிக்கப்பட்டுக்கொண்டிருந்த இளம் விஞ்ஞானி ஒரே ஒருவர். அவர் அக்கிராசனரின் மைத்துனர். அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

*

நேர்முகத் தேர்வுக்கு இன்னாசி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மேஜைக்கு அந்தப் பக்கம் பதினோரு பேர் இருந்தார்கள். இந்தப் பக்கம் நாற்காலி போடும் வழக்கம் இல்லை.

"எந்த விஞ்ஞான விதியை ஆதாரமாகக் கொண்டு இதைச் செய்தீர்?" என்று ஒருவர் கேட்டார்.

"விதி இன்னா சார். நாலு பேரு செத்துப் பூட்டாங்க. அதான் செஞ்சேன்."

'விதி: குறிப்பிடப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

"மணலுக்கு ரசாயன சாஸ்திரத்தில் என்ன பெயர்?"

"நாங்க மணல்னுதான் சார் சொல்றோம்."

"இந்தக் கருவி தரையில் வேலை செய்யுமா?"

"தரையில எதுக்கு சார்?"

"கேட்டதற்குப் பதில் சொல்லும்."

"செய்யாது சார்."

கேட்டவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெரிய குறையைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, கடும் போட்டிக்கிடையே இன்னாசி தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார்கள். தேர்வுக்கு வந்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

சபையின் காரியதரிசி ஞானதுரை, கலெக்டர் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கே இன்னும் தெரியாது என்று சொல்வார்கள். அவர் முப்பத்திரண்டு நிபந்தனைகளையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். நான்காவது நிபந்தனை இது: போஷிப்புக் காலத்தில் கண்டுபிடிப்பானது சபையின் ஆராய்ச்சிப் பொருளாகும், வழிகாட்டியின் அத்தாட்சி கிடைக்கும்வரை அதைப் பொது உபயோகத்தில் வைத்திருக்கலாகாது.

"அப்போ டிரம்ம எட்த்துடணுமா சார்?"

"பதினைந்து நாள். அத்தாட்சி ஆனதும் ஒன்றுக்கு ஆறாக வரும்" என்றார் ஞானதுரை. "இரும்பு எதற்கு? பித்தளைக் குழாயிலேயே செய்யலாம். அதற்கு விதியில் இடம் இருக்கிறது."

பித்தளை என்ற சொல்லைக் கேட்டதும் இன்னாசிக்கு மற்ற எதுவும் காதில் விழவில்லை. பித்தளை துருப்பிடிக்காது. ஆறு டிரம் இருந்தால் முகத்துவாரத்தின் வாய் முழுக்க ஆழம் தெரியும். அவன் முப்பத்திரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

ரோசிக்கு இது பிடிக்கவில்லை. "கீறத எட்த்துட்டு வரப்போறதுக்கு காத்துகினு கெடக்கணுமா? எந்த ஊரு நாயம் இது?" என்றாள்.

"பதினஞ்சு நாளுதானே ரோசி" என்றான் ஜேக்கப். வலை பிரித்துக்கொண்டே சொன்னான். "இப்ப கடலு சும்மாதான் கீது. ஆறு வந்துதுன்னா எவனுக்கும் பயமில்ல. குடு மச்சான். பெரிய மனுசங்க கேக்குறாங்கோ."

மறுநாள் சபையின் லாரி வந்தது. லாரியோடு வந்த இரண்டு சேவகர்களுக்கும் நீச்சல் தெரியாது. ஆகவே டிரம்மை நங்கூரத்திலிருந்து அவிழ்த்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தவன் இன்னாசிதான். இதை இங்கே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. சபை எங்கேயும் இதை எழுதிவைக்கவில்லை.

*

ஒவ்வோர் இளம் விஞ்ஞானிக்கும் ஒரு வழிகாட்டி உண்டு என்பது சபையின் பெருமை. இன்னாசிக்கு வாய்த்த வழிகாட்டி வேதமாணிக்கம். கொள்ளேகாலத்தில் பட்டுப்பூச்சி இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். கடலை அவர் ரயிலிலிருந்து பார்த்திருந்தார். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம், குளிப்பதற்கும் வெந்நீர்தான்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் வழிகாட்டல். பட்டறையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இன்னாசி ராயபுரம் போவான்.

"பட்டுப்பூச்சி ஏன் இலையைத் தின்கிறது?" என்று வேதமாணிக்கம் தொடங்குவார். "யாரும் சொல்லிக் கொடுத்தா தின்கிறது? இல்லை. தின்று, உறங்கி, தோலுரித்து, மறுபடி தின்கிறது. விஞ்ஞானியும் அப்படியே."

"சார், துருவுக்கு இன்னா பண்றது?"

"துருவுக்கு நாம் மூன்றாம் பருவத்தில் வருவோம். முதலில் புழுவை அறிந்துகொள்ளும்."

மாதம் ஒருமுறை வழிகாட்டி ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் 'வழிகாட்டலால் விளைந்த அபிவிருத்தி' என்று ஒரு கட்டம் உண்டு. முதல் மாதம் வேதமாணிக்கம் அதில் எழுதியது: 'இளம் விஞ்ஞானி இப்போது செருப்பை வெளியே விட்டு உள்ளே வருகிறார்.' இரண்டாம் மாதம்: 'குறுக்கே பேசுவது குறைந்திருக்கிறது.' மூன்றாம் மாதம்: 'கேள்வி கேட்பது அறவே நின்றுவிட்டது. பூரண திருப்தி.'

பதினைந்து நாள் ஆனியைத் தொட்டது. அத்தாட்சி எப்போது என்று இன்னாசி கேட்டான். பரிசோதனை நடக்காமல் அத்தாட்சி எப்படி என்று ஞானதுரை திருப்பிக் கேட்டார். பரிசோதனைக்கு இன்னாசி அவர்களை எண்ணூருக்குக் கூப்பிட்டான். கடல் சபையின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே அங்கே நடக்கும் பரிசோதனை செல்லாது என்று பதில் வந்தது. சபைக் கட்டிடத்தின் பின்புறத்தில் அல்லி வளர்ப்பதற்காகக் கட்டிய சிமென்டுத் தொட்டி இருந்தது. அல்லியைப் பிடுங்கிவிட்டு டிரம்மை அதில் இறக்கினார்கள். கம்பி முழுக்கத் தொங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டார்கள். பதினோரு பேரும் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

பதினொரு மணிவரை துணி எழும்பவில்லை.

"இயங்கவில்லையே" என்றார் அக்கிராசனர்.

"மணல் இல்லியே சார். மணல் வந்தாத்தான் ஏறும்."

"அப்படியானால் தானாக இயங்காது என்கிறீர்?" என்றார், தேர்வில் தரையைப் பற்றிக் கேட்டவர்.

'தானாக இயங்கும் சக்தி அற்றது' என்று ஞானதுரை குறித்துக்கொண்டார்.

மணல் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தான். எண்ணூர் மணல் தரச்சான்று பெறாதது என்பதால் பாலாற்று மணலுக்கு விலைப்புள்ளி கேட்டார்கள். ஆவணி கடைசியில் மணல் வந்தது. கூலியாட்கள் கூடை கூடையாகத் தொட்டியில் கொட்டினார்கள். கம்பி மேலே வந்தது. சிவப்புத் துணி ஜம்மென்று நின்றது. இன்னாசி ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"நன்று" என்றார் வேதமாணிக்கம். "இப்போது இறங்கச் சொல்லும்."

"சொன்னா இறங்காது சார். மணல் போனாத்தான் இறங்கும்."

கூலியாட்கள் போய்விட்டார்கள். மணலை வெளியே எடுப்பதற்குத் தனியாக விலைப்புள்ளி கேட்க வேண்டும். 'ஏறுகிறது, இறங்கவில்லை, பாதி வெற்றி' என்று பரிசோதனை முடிந்தது. பாதி வெற்றிக்குப் பாதி அத்தாட்சி கொடுக்க விதியில் இடம் இல்லை.

ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னாசி இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்து இன்னொரு டிரம் செய்ய ஆரம்பித்தான். ராயபுரத்தில் உடைத்த கப்பல் சாமான் விற்கிற ஹுமாயூன் பாய் கடையில், பழைய கப்பலிலிருந்து கழற்றிய பித்தளைக் குழாய் ஒன்று கிடைத்தது.

"இன்னாத்துக்கு நைனா இது?" என்றார் பாய். இன்னாசி சொன்னான். பாய் குழாயை முழம் போட்டுப் பார்த்து, அரத்தால் ராவி, அளவாக அறுத்தே கொடுத்தார். கம்பிக்கும் பித்தளையே போடு, கொஞ்சம் லூசாகப் போடு, மாட்டாது என்றார். ஏழு மாதமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கடை வாசலில் இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. பாய்க்கு எந்தச் சபையிலும் அங்கத்துவம் இல்லை.

செய்தி ஞானதுரைக்கு எப்படியோ எட்டியது. ஆராய்ச்சியில் இருக்கும் கண்டுபிடிப்புக்கு நகல் செய்வது ஒன்பதாவது நிபந்தனைப்படி திருட்டு என்று பட்டறை முதலாளிக்கு ஒரு கடிதம் போனது. முதலாளிக்குச் சபை அங்கத்தினர்களில் இரண்டு பேர் வாடிக்கைக்காரர்கள். "வேணாம்பா. என் பட்டறைல இந்த வேலை நடக்கக்கூடாது. நாளைக்கு போலீசு வந்தா யாரு பதில் சொல்றது?" என்று குழாயைப் பூட்டிவைத்துவிட்டார்.

புரட்டாசியில் இன்னொரு முன்னேற்றம். டிரம்மை ஆண்டு விழாவில் வைப்பதற்காக வெள்ளி வர்ணம் அடித்தார்கள். சிவப்புத் துணியைப் பார்த்து ஆறுமுகநயினார் யோசித்தார்.

"சிவப்பு வேண்டாம்வே. ஏற்கெனவே இந்தத் தண்டவாளத்துப் பக்கமெல்லாம் தொழிலாளிங்க சிவப்புக் கொடியைப் பிடிச்சிக்கிட்டு அலையுதானுவ. நாமளும் ஒண்ணைத் தண்ணிக்குள்ள நட்டு வைக்கணுமா?" என்றார்.

அதன்படி பச்சைப் பட்டு ஒரு முழம் வைக்கப்பட்டது. பட்டு வேதமாணிக்கத்தின் உபயம். அன்றிலிருந்து கருவியின் பெயர் 'ஆறுமுகநயினார் - வேதமாணிக்கம் ஆழங்காட்டி'.

"பச்ச கடல்ல தெரியாது சார்" என்றான் இன்னாசி.

"கடலில் வைத்தால்தானே?" என்றார் வழிகாட்டி.

*

ஐப்பசி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. மழை விட்டு வெயில் அடித்தது. இன்னாசி ராயபுரத்தில் புழு தோலுரிக்கும் நான்காவது பருவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஜேக்கப்பின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. முந்தின நாள் போன வழியில்தான் அவன் திரும்பி வந்தான். வழியில் மேடு ஏறியிருந்தது. கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகில் நான்கு பேர். இரண்டு பேர் நீந்திக் கரைக்கு வந்தார்கள். ஜேக்கப்பும் வரலட்சுமியின் புருஷனும் வரவில்லை. வரலட்சுமி அடுத்த வீட்டுக்காரி. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. உடல்கள் மறுநாள் மத்தியானம் காட்டுக்குப்பத்துக் கரையில் ஒதுங்கின.

அடக்கம் முடிந்து மூன்று நாள் இன்னாசி சோற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் ரோசி ஒரு தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"நீ அவுத்தேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா நீ செத்துடுவே. ரெண்டு பேத்த பொதைக்க என்கைல தெம்பு இல்ல. துன்னு. துன்னுட்டு போய் அத்த எட்த்துகினு வா."

இன்னாசி போனான். ஞானதுரை அவனை உட்காரச் சொன்னார். சபையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"துக்ககரமான சம்பவம். கேள்விப்பட்டேன்" என்றார். "நீர் எழுத்துமூலமாகத் தெரிவித்தால் வருஷாந்திர அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. 'உபயோகத்தில் இல்லாத காலத்து நஷ்டம்'. பெயர்கள் தேவையில்லை. எண்ணிக்கை போதும்."

"டிரம்ம குடுங்க சார்."

"ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. அதற்கு முன்னால் எப்படிக் கொடுப்பது? நீர்தான் நன்றியுரை. வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறார். மனப்பாடம் செய்துகொண்டு வாரும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எண்ணிக்கை இரண்டுதானே? இன்னும் யாரும் ஆஸ்பத்திரியில் இல்லையே?"

*

ஆண்டு விழாவுக்கு ராயபுரத்தில் ஒரு பெரிய கூடம் எடுத்திருந்தார்கள். மேடையில் வெள்ளி டிரம் மல்லிகை மாலை போட்டுக்கொண்டு நின்றது. பச்சைப் பட்டு மின்விசிறியில் ஆடியது. முன்வரிசையில் அங்கத்தினர்களும் அவர்கள் குடும்பமும். கூடத்தின் கடைசியில், சுவரை ஒட்டி, குப்பத்திலிருந்து வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ரோசியும் வரலட்சுமியும் அவர்கள் நடுவில் இருந்தார்கள். விஞ்ஞானத்தில் பாமர ஜனங்களின் ஆர்வத்துக்கு அத்தாட்சியாக அவர்களைப் புகைப்படம் எடுத்தார்கள்.

அக்கிராசனர் எழுந்தார். மேடையில் அவர் திருநெல்வேலியை வீட்டில் விட்டுவிட்டு வருவார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. சென்ற வாரம் எண்ணூரிலே ஒரு படகு கவிழ்ந்து இரண்டு மீனவ சகோதரர்கள் மாண்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பக்கம் துக்கம். மறுபக்கம் உற்சாகம். ஏன் உற்சாகம் என்று கேட்பீர்கள். இந்தக் கருவி தண்ணீரில் இருந்தது ஒன்பது மாதம். அதில் ஒரு சாவுகூட இல்லை. இதை நமது சபை வெளியே எடுத்து ஏழு மாதம். அதில் இரண்டு சாவு. ஆகவே இந்தக் கருவி அவசியமானது என்பதை நாம் விஞ்ஞான முறைப்படி நிரூபித்துவிட்டோம். எடுக்காமல் விட்டிருந்தால் இந்த உண்மை உலகத்துக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. வைத்தவன் ஓர் இளைஞன். அது பெரிதல்ல. எடுத்தது சபை."

கூடம் அதிர்ந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்த முடிவைக் காட்டி, அடுத்த வருஷம் இன்னும் பத்து இளம் விஞ்ஞானிகளைப் போஷிக்கச் சர்க்காரிடம் உதவி கேட்டிருக்கிறோம். அவர்களுடைய கருவிகளையும் இதுபோலவே பாதுகாப்போம் என்று உறுதி கூறுகிறேன்."

அடுத்து வேதமாணிக்கம். "இந்த இளைஞன் என்னிடம் வந்தபோது கேள்விகளாக நிறைந்திருந்தான். இன்று பாருங்கள், எவ்வளவு அமைதி" என்று இன்னாசியைக் காட்டினார். மக்கள் பார்த்தார்கள். அவன் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தான்.

நன்றியுரைக்கு அவனை அழைத்தார்கள். கையில் இருந்த தாளைப் பிரித்தான். 'களிமண்ணாக வந்த என்னைக் கலசமாக வனைந்த சபையோர்களே' என்ற முதல் வரியை வாசித்தான். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"செத்துப் போனதுல ஒருத்தர் எங்க மாமா" என்றான். "பேரு ஜேக்கப். இன்னொருத்தர் எங்க பக்கத்து வூடு. அவுங்க பேர இங்க யாரும் சொல்லல, அதான் சொல்றேன். டிரம்ம அவுத்தவன் நான்தான். பித்தளக் கொழாய்க்கு ஆசப்பட்டு அவுத்தேன். அந்தப் பாவம் என்னோட பூடட்டும். ஆனா அத்த எட்த்ததால ஒரு உண்ம தெரிஞ்சிதுன்னு பெரியவரு சொன்னாரு. அது எங்களுக்கு மொதல்லயே தெரியும் சார். எங்க குப்பத்துல நண்டு புடிக்கிற பசங்களுக்குக்கூட தெரியும். யாரும் எங்கள வந்து கேக்கல."

நன்றியுரைக்குப் பிறகு கரகோஷம் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்ததால் முன்வரிசையினர் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில் கூடத்தின் கடைசியிலிருந்து பெண்கள் நடந்து வந்தார்கள். யாரும் ஓடவில்லை. ரோசி மேடை ஏறி மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பச்சைப் பட்டை அவிழ்த்து மடித்து வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்தாள். அவர் பழக்கதோஷத்தால் வாங்கிக்கொண்டார். வரலட்சுமியும் இன்னும் நாலு பேரும் டிரம்மைச் சாய்த்து உருட்டினார்கள்.

"இது சபைச் சொத்து" என்றார் ஞானதுரை. "ரசீது இல்லாமல் வெளியே போகக்கூடாது. யாராவது ஒருவர் கையெழுத்தாவது போட்டுவிட்டுப் போங்கள்."

வரலட்சுமி நின்று அவரைப் பார்த்தாள். ஞானதுரை வழி விட்டார்.

வாசலில் குப்பத்துக் கைவண்டி நின்றது. ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தவர்கள், இதுவும் கலை நிகழ்ச்சி என்று நினைத்து இன்னொரு முறை கை தட்டினார்கள்.

ஹுமாயூன் பாய் விஷயம் கேட்டுத் தம்முடைய கடையிலிருந்து வேறொரு பித்தளைக் குழாயும் கம்பியும் கொடுத்தனுப்பினார். மறுநாள் சாயங்காலமே டிரம் முகத்துவாரத்தில் நின்றது. உச்சியில் கட்டுவதற்கு ரோசி தன்னுடைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். இனிமேல் அவள் அதைக் கட்டப்போவதில்லை.

*

பத்து நாள் கழித்து ஞானதுரை எண்ணூருக்கு வந்தார். கூட இரண்டு சேவகர்கள். கரையில் நின்று, குப்பத்தார் கூடியதும், கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். இன்னாசியின் போஷிப்பு ரத்து செய்யப்படுகிறது. போஷிப்புக் காலத்தில் அவனால் யாதொரு கண்டுபிடிப்பும் நிகழவில்லை என்று பதிவு செய்யப்படுகிறது. மேற்படி டிரம்மானது ஆழம் காட்டும் சக்தி அற்றது என்பது சபையின் பரிசோதனையில் ருசுவாகியிருக்கிறது. எனினும் அது சபையின் சொத்தாகையால் உடனே திருப்பித் தரப்பட வேண்டும்.

"அதோ கீது சார்" என்றான் இன்னாசி, கடலைக் காட்டி. "எட்த்துக்கோங்க."

சேவகர்கள் இருவரும் பின்னால் நகர்ந்தார்கள்.

"படகு ஏற்பாடு செய்யும்" என்றார் ஞானதுரை. "நானே வந்து கைப்பற்றுகிறேன். எனக்கு அதிகாரம் இருக்கிறது."

யாரும் அசையவில்லை. ரோசி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கரையோரம் கிடந்த ஒரு படகின் விளிம்பைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தாள். இன்னாசி அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஏறித் துடுப்பை எடுத்துக்கொண்டான்.

"ஏறுங்க சார்" என்றாள் ரோசி. "எங்க தம்பி இட்டுகினு போவான்."

வானம் வெளுப்பாக இருந்தது. தண்ணீர் பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருந்தது. தூரத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு தோன்றி மறைந்தது. ஞானதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைப் படகுக்குள் வைத்தார். மற்றக் கால் மணலில் இருந்தது. அப்படியே நிமிர்ந்து டிரம்மைப் பார்த்தார். சிவப்புத் துணி எழும்பி அசையாமல் நின்றது.

"அந்தத் துணி..." என்றார்.

"நிக்குது சார்."

"நின்றால் என்ன?"

"நின்னா அடியில மணலு ஏறி கீதுன்னு அர்த்தம். போற படகு கவுந்துடும்" என்றாள் ரோசி. "அது நாங்க சொல்றது. உங்க லெட்டர்ல அப்டி இல்லியே. அதுக்கு சக்தி இல்லன்னு இப்பதானே படிச்சீங்க. அத்தாட்சி கூட இல்ல. ஏறுங்க."

ஞானதுரை துணியைப் பார்த்தார். கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். அதில் பதினோரு பேரின் கையெழுத்தும் சபையின் முத்திரையும் இருந்தன. மறுபடியும் துணியைப் பார்த்தார். குப்பம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அவர் படகிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.